ரோசாப்பூ துரையும் இரண்டு சட்டங்களும்

1919ஆம் ஆண்டின் ரௌலட் சட்டத்தைப் பள்ளிப் பாடநூலில் படிக்காதவர் நம்மில் அரிது. ஐயத்துக்குரியவர் எனக் கருதப்படும் எவரையும் விசாரணையின்றி அடைத்து வைக்கலாம். மூன்று நீதிபதிகள் ஜூரியின்றி விசாரித்து வழங்கும் தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது. பாடநூல்கள் அதிகம் பேசாத பகுதி ஒன்றும் அச்சட்டத்தில் உண்டு. அரசு சுட்டிக்காட்டும் ஒருவர் பிணைப்பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். குடியிருக்கும் இடத்தையும் இடமாற்றத்தையும் தெரிவிக்க வேண்டும். குறித்த எல்லைக்குள்ளேயே வாழ வேண்டும். குறித்த வேளைகளில் காவல் நிலையத்துக்கு வந்து முகம் காட்ட வேண்டும். இந்த அவமதிப்பை எதிர்த்து 1919 ஏப்ரல் 6 அன்று நாடெங்கும் கடைகள் அடைக்கப்பட்டன. அடுத்த வாரம் அமிர்தசரஸில் ஜாலியன்வாலா பாக் படுகொலை நிகழ்ந்தது. ஜின்னா, மாளவியா, மசருல் ஹக் ஆகியோர் பேரரசுச் சட்டமன்றப் பதவியைத் துறந்தனர். 1922இல் அச்சட்டம் நீக்கப்பட்டது. அதுவரையில் ஒருவர் மீதும் அது பயன்படுத்தப்படவில்லை.

முகம் காட்டுதல், இருப்பிடம் தெரிவித்தல், எல்லைக்குள் அடங்கிக் கிடத்தல் ஆகிய அதே கட்டளைகளைக் கொண்ட வேறொரு சட்டம் அப்போதே 48 ஆண்டுகளாக நடைமுறையில் இருந்தது. 1871ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம் அது. முதலில் வட இந்தியப் பகுதிகளுக்கு மட்டும் உரியதாக இருந்து, 1911இல் திருத்தி விரிக்கப்பட்டுச் சென்னை மாகாணத்துக்குள்ளும் நுழைந்தது. ரௌலட் சட்டம் தனி மனிதரைச் சந்தேகித்தது. இதுவோ ஒரு சமூகம் முழுவதையும் பிறப்பாலேயே குற்றவாளி என்றது. அரசிதழில் ஒரு சாதியின் பெயர் வந்துவிட்டால் போதும், அந்த அறிவிப்பு சரியா தவறா என்று எந்த நீதிமன்றமும் கேட்க முடியாது. தென்மாவட்ட மக்கள் இதற்கு இட்ட பெயர் ரேகைச் சட்டம். பத்து விரல்களின் ரேகையையும் அரசிடம் ஒப்படைத்துவிட்டு வாழவேண்டியிருந்ததால் வந்த பெயர். இதற்காக 1911இல் எந்த ஊரிலும் கடையடைப்பு நடந்ததில்லை.

ரௌலட்டை எதிர்த்து எழுந்த தேசியவாதிகளுள் மிகப் பலர் இந்த இரண்டாம் சட்டத்தைக் கண்டும் காணாதிருந்தனர். இரண்டையும் ஒரே அடக்குமுறையின் இரு முகங்களாகக் கண்டு, இரண்டையும் எதிர்த்து நின்ற சிலருள் ஒருவர் மதுரை வழக்குரைஞர் பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப். அவருடைய வாழ்வை நாம் இங்கு மீண்டும் எடுத்துப் பேசுவதற்கு அதுவே காரணம்.

ஜார்ஜ் ஜோசப் 1887 ஜூன் 5 அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் செங்கன்னூரில், சிரியன் கிறித்தவக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். பின்னாளில் புகழ்பெற்ற பத்திரிகையாசிரியரான போத்தன் ஜோசப் அவருடைய தம்பி. சென்னைக் கிறித்தவக் கல்லூரி, எடின்பரோ பல்கலைக்கழகம், இலண்டன் மிடில் டெம்பிள் என்று கல்வி தொடர்ந்தது. 1909இல் நாடு திரும்பிய அவர் சென்னையில் சிறிது காலம் இருந்துவிட்டு மதுரையைத் தம் தொழிற்களமாகத் தேர்ந்தார். சிரியன் கிறித்தவர் என்றால் கேரளச் சாதி அடுக்கில் மேலே இருப்பவர் என்று பொருள். பிற கிறித்தவர்கள், குறிப்பாகப் புலையர், பறையர் சமூகங்களிலிருந்து மதம் மாறியோர், அச்சபைகளில் எவ்வாறு நடத்தப்பட்டனர் என்பதை நாம் அறிவோம். சட்டமோ சாதியோ அவரைத் தொட்டிருக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லாத இடத்திலிருந்துதான் அவர் வந்தார்.

தன்னாட்சி இயக்கம் அவரை அரசியலுக்கு இழுத்தது. அன்னி பெசன்ட் தன்னாட்சிக் கோரிக்கையை இங்கிலாந்தில் எடுத்துரைக்க அனுப்பிய குழுவில் சையத் உசேன், பி. வி. நரசிம்மன் ஆகியோருடன் அவரும் கப்பலேறினார். ஜிப்ரால்டரில் ஆங்கில அரசு அவர்களைத் தடுத்துக் கைது செய்து திருப்பி அனுப்பியது. பேசுவதற்கு முன்பே வாயை அடைக்கும் அரசு எப்படி இயங்கும் என்பதை அவர் நேரில் கண்ட முதல் நிகழ்ச்சி அதுவாக இருக்கலாம். 1918இல் மதுரையில் ஆற்றிய உரைக்காக டாக்டர் வரதராஜுலு நாயுடு கைதானபோது, அவருக்காக வாதாடிய இராஜகோபாலாச்சாரிக்கு ஜோசப் துணை நின்றார். ஹார்வி ஆலைத் தொழிலாளர்கள் சங்கம் அமைத்த அதே காலத்தில் அவர்களோடும் சேர்ந்து உழைத்தார். ஆலை முதலாளிகளும் அரசும் கைகோத்து அந்தச் சங்கத்தை நசுக்கின.

இந்த இடத்தில் சட்ட வரலாற்றுச் செய்தி ஒன்றைச் சொல்லிச் செல்வது தகும். தேசியத் தலைவர்களைச் சிறைக்கு அனுப்பிய ராஜதுரோகப் பிரிவு, அதாவது இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 124ஏ, 1870இல் சேர்க்கப்பட்டது. அடுத்த ஆண்டில் வந்தது குற்றப் பரம்பரைச் சட்டம். இரண்டும் வைசிராய் அவையில் ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் சட்ட உறுப்பினராக இருந்த காலத்தவை. படித்தவர் பேசினால் ஒரு சட்டம். படிக்காதவர் பிறந்தாலே இன்னொரு சட்டம். திலகர் மீது முதற்சட்டம் பாய்ந்ததை நாடு மறக்கவில்லை. இரண்டாவது சட்டம் பாய்ந்தவர்களுக்குப் பெயர்களே இல்லை. பதிவேட்டு எண்களே இருந்தன.

ரௌலட் எதிர்ப்பில் மதுரையை முன்னின்று நடத்தியவர் ஜோசப்தான். 1919 மார்ச் இறுதியில் காந்தி மதுரைக்கு வந்து சென்றார். ஏப்ரல் 6 அன்று நோன்பும் கடையடைப்பும் கூட்டங்களுமாக மதுரை நாட்டோடு சேர்ந்து நின்றது. அதே நாட்களில், மதுரையிலிருந்து சில மணி நேர வண்டிப் பயணத் தொலைவில், உசிலம்பட்டி, திருமங்கலம் வட்டாரச் சிற்றூர்களில் ஆண்கள் தம் வீட்டில் உறங்கும் உரிமையை இழந்துகொண்டிருந்தனர்.

பிரமலைக் கள்ளர்களின் சில ஊர்களில் தொடங்கிய ரேகைப் பதிவு சில ஆண்டுகளிலேயே சமூகம் முழுவதற்கும் விரிக்கப்பட்டது. வயது வந்த ஆண்கள் பதிவேட்டில் ஏற்றப்பட்டனர். வேற்றூர் செல்ல வேண்டுமானால் ராதாரிச் சீட்டு பெற வேண்டும். போன ஊரில் அதைக் காட்டிக் கையொப்பம் வாங்கி வர வேண்டும். இரவானால் காவல் நிலையத்திலோ ஊர்ச் சாவடியிலோ படுத்துக் கிடக்க வேண்டும். திருமணமான மறுநாளே மாப்பிள்ளை சாவடிக்குச் சென்ற கதைகளும், தாய் இறந்த செய்தி கேட்டும் சீட்டுக்காகக் காத்து நின்ற கதைகளும் அந்த ஊர்களில் தலைமுறை தாண்டிச் சொல்லப்படுகின்றன. ஆஜராகத் தவறினால் அதுவே குற்றம்; அந்தக் குற்றத்துக்குச் சிறை; சிறை சென்று வந்தவர் என்பதால் அடுத்த தண்டனை கூடுதல். குற்றமே செய்யாதவரைக் குற்றவாளியாக்கித் தரும் பொறி அது. சட்டம் தன்னைத்தானே மெய்ப்பித்துக்கொண்டது.

1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூர் மக்கள் ரேகை வைக்க மறுத்தனர். காவல் படை ஊரைச் சூழ்ந்து சுட்டது. 16 பேர் கொல்லப்பட்டதாக ஊர் நினைவு கொள்கிறது. அடிபட்டோருக்குத் தண்ணீர் கொண்டு சென்ற மாயக்காளும் அவர்களுள் ஒருவர். உயிர் தப்பியவர்களில் பலர் விலங்கிடப்பட்டு நடத்திச் செல்லப்பட்டனர். ஜாலியன்வாலா பாகுக்கு ஓராண்டு நிறையப் பத்து நாள் இருந்தது. பஞ்சாபின் கொடுமையை விசாரிக்கக் காங்கிரஸ் தனிக் குழுவே அமைத்திருந்தது. பெருங்காமநல்லூருக்கு அப்படியொரு குழு வந்ததில்லை. செத்தவர்கள் அரசின் ஏட்டில் ஏற்கெனவே குற்றவாளிகள். தேசியத்தின் ஏட்டில் அவர்களுக்கு இன்னும் இடம் கிடைக்கவில்லை.

ஜோசப் அவர்களுக்காக நீதிமன்றம் ஏறினார். கள்ளர்கள் மீதும் மறவர்கள் மீதும் இச்சட்டத்தின் கீழ் தொடுக்கப்பட்ட வழக்குகள் பலவற்றில் வாதாடினார். பத்திரிகைகளில் சட்டத்தையே தாக்கி எழுதினார். பதிவேட்டில் ஏறிய ஒருவருக்காக வாதாடும் வழக்குரைஞரின் கை எத்தனை கட்டப்பட்டது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். சாதியை அறிவித்தது செல்லாது என்று அவர் வாதிட முடியாது. சட்டம் அக்கதவை மூடிவிட்டது. குறித்த மனிதர் அன்று ஊரில் இருந்தாரா, சீட்டு வாங்கினாரா, அதிகாரி முறைப்படி அறிவித்தாரா என்ற சில்லறைக் கேள்விகளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வோர் ஆளாக மீட்க வேண்டியிருந்தது. வேறு எந்தத் தேசியத் தலைவருக்கும் அந்த மக்கள் கொடுக்காத பெயரை அவருக்குக் கொடுத்தனர்: ரோசாப்பூ துரை. ஜோசப் என்ற பெயர் நாட்டு மக்கள் நாவில் ரோசாப்பு ஆனது என்பர் சிலர். கோட்டில் ரோசாப்பூ செருகியிருப்பார் என்பர் வேறு சிலர். பிள்ளைகளுக்கு ரோசாப்பு என்று பெயரிடும் வழக்கம் அவ்வட்டாரத்தில் நெடுங்காலம் இருந்தது.

ஒத்துழையாமை இயக்கம் வந்ததும் நல்ல வருவாய் தந்த வழக்குரைஞர் தொழிலை விட்டார். மோதிலால் நேரு நடத்திய இண்டிபெண்டன்ட் நாளேட்டின் ஆசிரியராக அலகாபாத் சென்றார். 1921 டிசம்பரில் அரசு அவரைக் கைது செய்தது. ராஜதுரோகக் குற்றச்சாட்டும் நாளேட்டின் மீதான ஒடுக்குமுறையும் சேர்ந்தே வந்தன. அச்சகம் பறிபோன பின் மகாதேவ் தேசாய் கையெழுத்துப் படியாக ஏட்டை நடத்திப் பார்த்தார். இலக்னோ மாவட்டச் சிறையில் ஜவாஹர்லால் நேரு, மகாதேவ் தேசாய், புருஷோத்தம்தாஸ் டாண்டன், தேவதாஸ் காந்தி ஆகியோர் ஜோசப்பின் உடனிருந்தோர். வெளிவந்தபின் 1923இல் காந்தியின் யங் இந்தியா இதழுக்கு ஆசிரியரானார். இவ்வளவு தூரம் அவருடைய கதை எந்தக் காங்கிரஸ் தலைவரின் கதையோடும் பொருந்திப் போகும். பிரிவு தொடங்கியது வைக்கத்தில்.

1924 மார்ச் 30 அன்று குஞ்ஞாப்பி, பாகுலேயன், கோவிந்த பணிக்கர் மூவரும் வைக்கம் கோயிலைச் சுற்றியிருந்த தெருவில் நடக்க முயன்று கைதாயினர். அவர்களுள் குஞ்ஞாப்பி புலையர், பாகுலேயன் ஈழவர், பணிக்கர் நாயர். அரசின் வரிப்பணத்தில் பராமரிக்கப்பட்ட தெரு அது. கிறித்தவரும் முஸ்லிமும் அதில் நடக்கலாம். எனவே ஜோசப் நடக்கலாம். குஞ்ஞாப்பி நடக்கக் கூடாது. டி. கே. மாதவன், கே. பி. கேசவ மேனன் முதலிய தலைவர்கள் அடுத்தடுத்துச் சிறை செல்ல, ஜோசப் போராட்டத்தின் பொறுப்பை ஏற்றார். அவ்வேளையில் காந்தியிடமிருந்து கடிதம் வந்தது. தீண்டாமை இந்துக்களின் பாவம். அதைக் கழுவ வேண்டியவர் இந்துக்களே. கிறித்தவரான ஜோசப் ஒதுங்கி நின்று அவர்களிடமே இதை விட்டுவிட வேண்டும் என்பது அதன் சாரம். ஜோசப் ஒதுங்கவில்லை. சில நாட்களில் அவரும் கைதானார். தலைவர்கள் எல்லோரும் சிறைப்பட்ட நிலையில் போராட்டம் அணைந்துவிடாமல் காக்க ஈ. வெ. ராமசாமிக்கு அழைப்பு சென்றது. அந்த அழைப்பில் ஜோசப்புக்கும் பங்குண்டு. ஏப்ரல் நடுவில் பெரியார் வைக்கம் வந்து சேர்ந்தார். இருமுறை சிறை சென்றார்.

காந்தியின் நிலைப்பாட்டை நாம் எளிதில் கடந்து செல்ல முடியாது. தீண்டாமை ஒரு மதத்தவரின் உட்பாவம் என்றால், அதற்கு மருந்து மேல்சாதியாரின் மனமாற்றம்; காலம் அவர்கள் கையில். அது குடிமகனின் உரிமை மறுக்கப்பட்ட செயல் என்றால், அதற்கு மருந்து உரிமை. எந்தக் குடிமகனும் அதற்காகப் போராடலாம். ஜோசப் இரண்டாவதைப் பிடித்துக்கொண்டார். பொதுத்தெரு பொதுவானது என்பது அவர் கட்சி. இந்தப் பிளவின் நிழல் 1932இல் தனித்தொகுதிச் சிக்கலிலும், அதற்குப் பின்னும் படிந்திருப்பதை அம்பேத்கரின் வாசகர்கள் அறிவார்கள். ஜோசப் அம்பேத்கர் அல்லர். சாதி ஒழிப்புக்கு ஒரு திட்டத்தை அவர் வகுத்துத் தரவில்லை. ஆனால் ரேகைச் சட்ட வழக்குகளில் கற்ற ஒன்றை அவர் வைக்கத்தில் கைவிடவில்லை. அடக்கப்படுவோரின் உரிமை அடக்குவோரின் நல்லெண்ணத்தைச் சார்ந்திருக்கக் கூடாது என்பதே அது.

வைக்கத்துக்குப் பின் காங்கிரசுடன் அவருடைய உறவு தளர்ந்தது. சில ஆண்டுகள் விலகியிருந்தார். மீண்டும் மதுரையில் வழக்குரைஞராகத் தொழில் செய்தார். அந்த ஆண்டுகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அரசியல் மேடையை இழந்தவரின் ஆண்டுகள் அவை. 1930களில் மீண்டும் காங்கிரசுக்குத் திரும்பி, 1937இல் மத்தியச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1938 மார்ச் 5 அன்று மதுரை அமெரிக்கன் மிஷன் மருத்துவமனையில் காலமானார். அப்போது அவருக்கு வயது 50.

அவர் இறந்த நாளில் சென்னை மாகாணத்தை ஆண்டது காங்கிரஸ். பிரதமர், இருபது ஆண்டுகளுக்கு முன் மதுரையில் வரதராஜுலு நாயுடு வழக்கில் அவருடன் நின்ற அதே இராஜாஜி. ஜவாஹர்லால் நேருவும் 1936இலேயே குற்றப் பரம்பரைச் சட்டத்தைக் கண்டித்துப் பேசியிருந்தார். ஆயினும் 1939இல் பதவி விலகும் வரை அந்த அமைச்சரவை சட்டத்தை நீக்கவில்லை. அதற்கு முன் ஆண்ட நீதிக்கட்சியின் காலத்திலும் நிலைமை இதுவே. நிருவாகத்துக்கு அது வசதியான சட்டம். நம்மவர் ஆட்சி வந்ததும் அடக்குமுறைச் சட்டம் தானே உதிரும் என்ற நம்பிக்கைக்கு இதைவிட நல்ல மறுப்பு கிடைப்பது கடினம்.

இன்று ரேகைச் சட்ட எதிர்ப்பு வரலாறு தென்மாவட்டங்களில் பெரும்பாலும் ஒரு சாதியின் வீரக்கதையாகச் சொல்லப்படுகிறது. பெருங்காமநல்லூரின் தியாகத்தை மதிப்பதில் நமக்கு எவ்விதத் தயக்கமும் இல்லை. ஆனால் அச்சட்டத்தின் பதிவேடு ஒரு சாதிக்கு மட்டும் உரியதன்று. குறவர்கள் அதன் பிடியில் நெடுங்காலம் கிடந்தவர்கள். ஆந்திரப் பகுதியின் ஸ்டூவர்ட்புரம் போன்ற குடியேற்றங்களில் எருகுலர்கள் குடும்பம் குடும்பமாக அடைக்கப்பட்டனர். தென்னார்க்காட்டின் வேப்பூர்ப் பறையர்களைக் காலனியப் பதிவுகள் குற்றக்கூட்டமாகவே எழுதி வைத்தன. இவர்களுக்கு ரோசாப்பூ துரை போன்ற ஒருவர் கிடைக்கவில்லை. நினைவுத் தூண்களும் பெரும்பாலும் இல்லை.

பெருங்காமநல்லூரைச் சுற்றியுள்ள அதே உசிலம்பட்டி வட்டாரத்தில்தான் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளும் உள்ளன. 1996இல் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்ட பின், பத்தாண்டுக் காலம் அங்கு முறையான தேர்தல் நடக்கவிடாமல் தடுக்கப்பட்டது. 2006இல்தான் தலித் தலைவர்கள் பொறுப்பேற்க முடிந்தது. பிறப்பால் ஒருவரைத் தாழ்த்தும் சட்டத்தை உயிர் கொடுத்து எதிர்த்த மண்ணில், பிறப்பால் ஒருவரை நாற்காலியிலிருந்து விலக்கும் வழக்கம் உயிரோடிருந்தது. ஜோசப்பின் சிலைக்கு மாலையிடுவோர் அவர் வைக்கத்தில் எந்தத் தெருவில் நின்றார் என்பதையும் சேர்த்தே நினைவுகொள்வது நலம்.

சென்னை மாகாணத்தில் குற்றப் பரம்பரைச் சட்டம் 1947இல், டாக்டர் சுப்பராயன் கொண்டுவந்த மசோதாவால் நீக்கப்பட்டது. நாடு முழுவதற்குமான நீக்கம் 1952 ஆகஸ்ட் 31 அன்று வந்தது. ஆனால் 1948இலேயே சென்னையில் வழக்கமான குற்றவாளிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் தயாராகிவிட்டது. மற்ற மாகாணங்களும் அவ்வழியே சென்றன. சட்டத்தின் சொற்களில் சாதியின் பெயர் இல்லை. காவல் நிலையத்தின் பழக்கத்தில் அது அழியவுமில்லை. ஓர் ஊரில் நகை காணாமற்போனால் முதலில் எந்தக் குடிசைக்கு வண்டி போகும் என்பது குறவர் குடியிருப்புகளில் சிறுபிள்ளைகளுக்கும் தெரியும். 1993இல் விருத்தாசலம் அருகே கம்மாபுரம் காவல் நிலையச் சித்திரவதையில் கொல்லப்பட்ட ராஜாகண்ணு குறவர். அவர் மீது சுமத்தப்பட்டதும் ஒரு திருட்டுச் சந்தேகம்தான்.